பிலோமினா அக்காவின் பெயரில் என் இரத்தம்

முதலில் பசி போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பசி இருந்தது. தட்டைக் கண்டதும் எழும்பி, இரண்டு வாய்ச் சோற்றோடு படுத்துவிடுகிற பசி. இடது விலாவுக்குக் கீழே எனக்கு முன்பே யாரோ உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததுபோல் ஒரு நிறைவு. அதை வாயு என்றேன். காலையில் படுக்கை விரிப்பு நனைந்து கிடந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் வேர்வை ஒரு செய்தியா, அதை வெக்கை என்றேன். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கும் வரிசையில் முழங்கால் மடிந்தது. அதைப் பயம் என்றேன். போர் நாட்களில் ஒரு வசதி இருந்தது. உடம்புக்குள் எது நடந்தாலும் அதற்கு வெளியே ஒரு காரணம் தயாராக நின்றது.

நான் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது, ஒட்டுவது, தலைப்பிடுவது. நேரம் கிடைத்தால் எனக்கென்று சில வரிகள் எழுதுவேன். கவிதை என்பார்கள் சிலர், வசனம் என்பார்கள் சிலர், நான் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்பேன். கணவர் கணேசன் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்காளர். அவர்தான் ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாந்தி, இது உம்மட கை இல்லை. உம்மட கை எனக்குத் தெரியும்," என்றார். கையோடு என்னை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்.

அறிக்கை எடுக்கப் போனபோது அங்கிருந்த பெண், இயந்திரத்தில் பிழை என்று நினைத்து இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார். பிழை இயந்திரத்தில் இல்லை. என் இரத்தத்தின் வெண்குழியங்கள், அந்த வெள்ளை அணுக்கள், இருக்கவேண்டிய அளவைப்போல் பல மடங்காகப் பெருகியிருந்தன. காவலுக்கு வருகிறவர்கள் அவர்கள். ஆனால் ஊரைவிடக் காவல்காரர் கூடிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வாட்டில் இடம் கிடைத்தது. நீளமான அறை, உயரமான ஜன்னல்கள், இரண்டு வரிசைக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சின்ன அலுமாரி. அதன்மேல் ஒவ்வொருவரின் தெய்வம். என் பக்கத்துக் கட்டிலில் கொம்பனித்தெரு ரிஸானா. என்னைவிட இளையவர். தலைமுடி எல்லாம் கொட்டியிருந்தது, முக்காட்டை எடுக்கவேமாட்டார். நான் பத்திரிகையில் வேலை என்று தெரிந்ததும் தினமும் பேப்பரை வாசிக்கச் சொல்வார்.

"செய்தி வேணாங்க. சினிமாவ வாசிங்க. பொறகு கலியாண விளம்பரம்."

"கலியாண விளம்பரம் என்னத்துக்கு?"

"யாருக்கு என்னென்ன வேணுமாம்னு பாக்கத்தான். நல்லா சிரிக்கலாம்."

'நற்குணமுள்ள, சிவந்த, வெளிநாட்டில் நிரந்தர வதிவிடமுள்ள' என்று நான் வாசிக்க, "ரத்தம் நல்லமான்னு ஒருத்தனும் கேக்கான் இல்ல பாருங்க," என்பார். இரத்தப் புற்றுநோயில் அவருக்கு வந்தது வேகமான வகை. எனக்கு வந்தது மெதுவான வகையாக இருக்கக்கூடும் என்று அப்போதுதான் பேச்சு அடிபட்டது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னப் பொறாமைகூட இல்லை. வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார். இரண்டு வாயோடு எனக்கு நிறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இரண்டு வாயும் சூடாக இருக்கவேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்.

எங்கள் டொக்டர் மல்காந்தி. ஐம்பதை நெருங்குகிறவர், கொண்டை, வெள்ளைக் கோட்டுக்குள் கசங்காத கொட்டன் சேலை. தமிழில் அவருக்கு இரண்டு வசனங்கள் தெரியும்: "வலி இருக்கா?" "பயம் வேணாம்." மிச்சமெல்லாம் ஆங்கிலம், இடையிடையே சிங்களம். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி எலும்புக்குள் இருக்கும் மச்சையை உறிஞ்சி எடுக்கும்போது முதல் வசனத்தையும் இரண்டாம் வசனத்தையும் மாறி மாறிச் சொன்னார். வலி இருந்தது. விறைக்கவைத்த இடத்தில் அல்ல. உறிஞ்சும்போது காலின் உள்ளிருந்து ஒரு கயிற்றை யாரோ இழுப்பதுபோல. கொஞ்ச நேரம்தான். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு காகம் என்னைப் பார்த்தது.

அடுத்த நாள் டொக்டர் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர் உட்கார்ந்தால் செய்தி பெரிது என்று வாட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிஸானா முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

அவர் சொன்னது இதுதான். என் குழியங்களுக்குள் இரண்டு நிறமூர்த்தங்கள், குரோமோசோம்கள், உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இடத்தில் பிறந்த புதுப் பரம்பரையலகு, புது ஜீன் ஒன்று, குழியங்களைப் பெருகு பெருகு என்று ஏவிக்கொண்டேயிருக்கிறது. அதன் வாயை அடைக்க இப்போது ஒரு மருந்து இருக்கிறது. விழுங்குகிற மருந்து. ஆனால் அந்த மருந்தைப் பெற, எனக்கு இருப்பது அந்த வகைதான் என்று என் பெயரில் ஓர் உறுதி வேண்டும். அதற்கான பரிசோதனை சென்னையில். மருந்து கைகொடுக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு: கூடப்பிறந்தவர் ஒருவரின் எலும்பு மச்சை.

"சகோதரர்கள்?"

"ஒரு தம்பி."

"எங்கே?"

"யாழ்ப்பாணத்தில்."

அவர் பேனாவை மூடினார். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ-ஒன்பது பாதை மூடியிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதென்றால் இராணுவத்திடம் கிளியரன்ஸ் எடுக்கவேண்டும், கப்பலுக்குப் பதியவேண்டும், திருகோணமலையில் இறங்கிப் பஸ் பிடிக்கவேண்டும். வந்து சேர்ந்தால் பொலிஸில் பதிவு. பதிவு செய்த பிறகும் முப்பது வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவன் வெள்ளவத்தை ஒழுங்கையில் நடந்தால், பின்னால், ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளை வான் ஒன்று மெதுவாக வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவேண்டும். குகன் என் ஒரே தம்பி. அம்மா அப்பா போனபின் எனக்கென்று இருக்கிறவன். அவனை அந்த வழியால் வரவழைப்பதா, இல்லையா? அந்த வருடம் முழுக்க என் இரத்தத்தைவிட என்னை அலைத்தது இந்த ஒரு கேள்விதான்.

*

சென்னைக்கு ஒன்றை அனுப்புவதென்றால் தபாலை யார் நினைப்பார்கள்? 'ஆர் போயினம்?' என்று விசாரிப்போம். போகிறவர் கையில் கொடுப்போம். முறுக்கு, மருந்து, தாலிக்கொடி எல்லாம் அப்படித்தான் கடல் தாண்டும். கணேசனின் கடைக்குச் சேலை கொண்டுவருபவர் கொட்டாஞ்சேனை பிலோமினா அக்கா. மாதத்தில் இரண்டு முறையாவது பறப்பார். போகும்போது அவர் பெட்டிக்குள் பாதிக் கொட்டாஞ்சேனை இருக்கும்.

வாட்டுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அகலவாய் பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். உள்ளே ஐஸ். ஐஸில் படாமல் துணியில் சுற்றிய, என் இரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாய்கள் இரண்டு.

"இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். போன மாசம் ஒரு ஆள் அம்மிக்கல்லுல குழவிய மட்டும் தந்து விட்டாரு."

"அக்கா, உறையவும் கூடாது, சுடவும் கூடாது. கெதியாய்க் குடுக்கவேணும். அதுக்குள்ள இருக்கிறது லேசில அழிஞ்சு போயிடுமாம்."

"மகள், நான் ஐஸ்கிரீமே கொண்டு போயிருக்கேன்."

அழியக்கூடியது ஆர்.என்.ஏ. அதையும் எளிதாகச் சொல்லிவிடுகிறேன். பரம்பரையலகு என்பது அலுமாரியில் பூட்டிவைத்த மூலப்பிரதி. குழியம் அதைத் தொடாது. ஒரு நகல் எடுக்கும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகலில் வேண்டாத பந்திகள் இருக்கும். அவற்றை வெட்டி எறிந்து, வேண்டியதை ஒட்டி, அதன்பிறகுதான் வேலைக்கு அனுப்பும். எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. உதவி ஆசிரியர் இல்லாத இடமே இல்லை போலும்.

அறிக்கை வந்தது. கணேசன் உறையைக் கிழித்து, வாசித்து, மறுபடியும் வாசித்து, என்னிடம் நீட்டினார். நோய் உறுதி. அந்த வகைதான். கீழே ஒரு வரி: காணப்பட்டது குட்டை வடிவம். மேலே பெயர்: பிலோமினா. வயது ஐம்பத்திரண்டு.

"இதென்ன இது?"

"தெரியேல்லை. பிலோமினா அக்காவுக்கு வருத்தம் எண்டு கிடக்கு."

மாலையில் பிலோமினா அக்கா வந்தார். தாளைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நாங்கள் கேட்காமலே தொடங்கினார்.

"கட்டுநாயக்க ஏர்போட் ரோட்டுல ஆமிக்காரன் பிளாஸ்கத் தொறக்கச் சொன்னான். 'மேக்க மொகக்த?'ன்னான், இது என்னன்னு. 'லே மாத்தயா'ன்னேன். யாரோட ரத்தம்னு கேட்டான். நான் என்ன சொல்லுவேன்? வேற ஆளோட சாமான்னு சொன்னா விடுவானா? இருவது வருசமா நான் ஒரு சாமானையும் வேற ஆளோடதுன்னு சொன்னதே இல்ல. 'மகே லே'ன்னுட்டேன். என் ரத்தம்னு."

"சரி, அவனுக்குச் சொன்னனீங்கள். சென்னையில?"

"ஏர்போட்டுல தொடங்கிட்டேனே. பாத்ரூமுக்குள்ள போயி குழாயில ஒட்டியிருந்த ஒங்க பேரக் கிழிச்சிட்டேன். அங்க எறங்குனா அங்கயும் கேள்வி. அங்கயும் என்னுதுன்னேன். பொறகு லேப்புக்குள்ள போயி மட்டும் வேற பேரச் சொன்னா, யாராச்சும் பின்னால வந்து கேட்டா? பாஸ்போட்டுல என்ன பேரோ அதக் குடுத்துட்டேன். அந்தப் புள்ள என்னப் பாத்து 'பயப்படாதீங்கம்மா, இப்ப நல்ல மருந்து இருக்கு'ன்னுச்சு. அழுதுட்டேன் மகள். நெசமாவே எனக்கு வந்த மாதிரி அழுதுட்டேன்."

ரிஸானா முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கணேசன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், விலாவுக்குக் கீழே வலித்தது.

டொக்டர் மல்காந்தி தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது," என்றார். "இந்தப் பெண்ணுக்கு நான் சிகிச்சை செய்யவும் இல்லை." இரத்தம் மறுபடியும் போகவேண்டும். அதுவரை குழியங்களை அடக்கிவைக்கப் பழைய வகைக் குளிசைகளை விழுங்கவேண்டும்.

ஆனால் கணேசனின் மனதில் 'குட்டை வடிவம்' தங்கிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தியில் ஓர் இன்ரநெற் கடையில் போய் உட்கார்ந்து, விளங்காத ஆங்கிலத்தில் விளங்கிய ஒரு வரியைக் கொண்டுவந்தார்: குட்டை வடிவக்காரருக்கு மருந்து மெதுவாகத்தான் கேட்கும். அன்றைக்கே குகனுக்குப் போன் எடுத்துவிட்டார். எனக்குச் சொன்னது எடுத்த பிறகுதான்.

"ஏன் அவனுக்குச் சொன்னீங்கள்?"

"அவன் வராட்டி ஆர் வாறது? நானோ? என்ர மச்சை உமக்குச் சரிவராதாம். கேட்டனான்."

"கேட்டனீங்களோ?"

"ஓம். எல்லாத்துக்கும் முதல் அதைத்தான் கேட்டனான்."

அவர் தலைமாட்டில் வைத்த ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார். நார் ஒன்றும் மிஞ்சாமல், ஒவ்வொரு சுளையாக.

*

குகன் கொம்யூனிக்கேஷன் கடையிலிருந்து போன் எடுத்தான். பின்னால் ஆட்கள் நிற்கும் சத்தம்.

"அக்கா, நான் கிளியரன்ஸுக்குக் குடுத்திட்டன்."

"ஆர் உன்னைக் குடுக்கச் சொன்னது? பேசாமல் கடையைப் பார். இஞ்சை நிலைமை சரியில்லை. பெடியளை இறக்கி ஏத்துறாங்கள்."

"இஞ்சையும் மழை வெயில் எல்லாம் இருக்குத்தான். நான் வந்தால் உங்களுக்குச் சுகம்."

"நீ வந்தால் எனக்கு நித்திரை இல்லை. விளங்குதோ?"

"விளங்குது. நான் வாறனக்கா."

சின்ன வயதிலிருந்தே அப்படி. கத்தமாட்டான், விடவும்மாட்டான். ரேடியோ பழுதுபார்க்கிறவனின் பொறுமை. யாழ்ப்பாணத்தில் ஒரு வரிசைக் கடைகளில் அவனுடையது கடைசிக் கடை. நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்புதான்.

இரண்டாம் முறை பிலோமினா அக்கா டொக்டரின் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே போனார். எங்கே கேட்டாலும் உண்மை சொல்லவேண்டும் என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். திரும்பிவந்து, "உண்மையச் சொன்னா நேரம் போகுது மகள்," என்றார். "ஒவ்வொரு எடத்திலயும் ஒங்க வயசு, ஒங்க ஊரு, ஒங்க புருசன் என்ன வேல, எல்லாம் கேட்டானுங்க. பொய்க்கு ஒரு கேள்வியோட முடிஞ்சது."

இம்முறை என் பெயர் சரியாக இருந்தது. நோயும் அதேதான். ஆனால் கீழ்வரி மாறியிருந்தது: குட்டை வடிவம், நெட்டை வடிவம், இரண்டும் காணப்பட்டன.

கணேசன் உடைந்து உட்கார்ந்தார். "அப்ப முந்தினது உண்மையிலேயே வேற ஆரின்ரையோ? இல்லாட்டி உமக்கு இரண்டு வருத்தமோ?"

டொக்டர் மல்காந்தி ஸ்டூலை இழுத்தார். என் கையிலிருந்த பத்திரிகையை எடுத்து முதற்பக்கத்தைத் தட்டினார். என் தொழில் அவருக்குத் தெரியும்.

"யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நீண்ட செய்தி வருகிறது. வெளியூர்ப் பதிப்புக்கு அதை எப்படி வெட்டுவீர்கள்?"

"சுருக்கமாக. ஒரு பந்தியை விட்டுவிடுவோம்."

"நகரப் பதிப்புக்கு?"

"அந்தப் பந்தி இருக்கும்."

"செய்தி ஒன்றா, இரண்டா?"

ஒன்றுதான். என் உடைந்த பரம்பரையலகு ஒன்றுதான். நகலை வெட்டி ஒட்டும்போது ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பந்தி சிலவேளை நிற்கிறது, சிலவேளை விழுகிறது. நின்றால் நெட்டை, விழுந்தால் குட்டை. சிலர் உடம்பில் ஒன்றுமட்டும். என் உடம்பில் இரண்டும். முதல் தடவை பயணத்தில் ஆர்.என்.ஏ கொஞ்சம் அழிந்திருக்கலாம். நெட்டை கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

"எது கூடாதது?" கணேசன் எழுந்தே கேட்டார்.

"முன்பு எழுதியவர்கள் நெட்டைதான் கூடாது என்றார்கள். இப்போது சிலர் குட்டை கூடாது என்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறார்கள். ஒருநாள் இது பெரிய விஷயமாகலாம். இன்றைக்கு இதைக்கொண்டு நான் உங்கள் மனைவியின் ஆயுளைச் சொன்னால் நான் டொக்டர் அல்ல, சாத்திரக்காரி."

"அப்ப எதைப் பார்ப்பது?"

"மருந்து கேட்கிறதா என்று பார்ப்பது. முதலில் இரத்தம். பிறகு அந்தப் பிழையான நகல் எவ்வளவு குறைகிறது என்பது. அதுவரை யாரையும் கப்பலில் ஏற்றவேண்டாம்."

அன்று வாட்டில் படுத்துக்கொண்டு நினைத்தேன். தணிக்கை நாட்களில் பத்திரிகையில் பந்தி எடுத்த இடத்தை அப்படியே வெறுமையாக விடுவோம். இங்கே ஏதோ இருந்தது என்று வாசகர் அறியட்டும் என்று. உடம்பு அப்படி விடுவதில்லை. வெட்டியதும் ஒட்டிவிடுகிறது. தழும்புகூட இல்லை. இதை ரிஸானாவுக்குச் சொன்னேன். "ஒங்களுக்குத் தூக்கம் வரல்லன்னா சொல்லுங்க, நான் ஓதி ஊதி விடுறன்," என்றார்.

*

மருந்து வந்தது. சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு. முதல் வாரங்களில் கண்மடல்கள் வீங்கின. காலையில் கண்ணாடியில் அழுது முடித்த ஒருத்தி நின்றாள். கெண்டைக்கால் பிடித்திழுத்தது. கணேசன் கடைக்குப் போகுமுன் காலை நீவிவிடுவார், கணக்குப் போடும் விரல்கள், ஒழுங்காக, ஒரு பக்கத்துக்கு எவ்வளவோ மறுபக்கத்துக்கும் அவ்வளவு. பில்களை எனக்குக் காட்டமாட்டார். கேட்டால், "அது என்ர பாடம்," என்பார். வளையல் இரண்டு அலுமாரியில் இல்லை என்பதை நான் கண்டேன், கண்டதாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு விட்டார்கள். ரிஸானாவும் ஒரு பெருநாளுக்கு வீட்டுக்குப் போனார். பிறகு கிளினிக் நாட்களில் நான் வாட்டை எட்டிப் பார்க்கும்போது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். நான் தாதியிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

கிளினிக் வாசலில் நீள வாங்கு. எல்லா இனத்தாரும் ஒரே வாங்கில், ஒரே நிறக் கொப்பியோடு. அங்கே மட்டும் யாரும் யாருடைய அட்டையையும் பார்ப்பதில்லை. மெல்ல மெல்ல விலாவுக்குக் கீழிருந்த ஆள் எழும்பிப் போனார். ஒருநாள் இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கணேசன் சமையலறையில் போய் நின்றுகொண்டு மூக்கைச் சீறினார். ஆறு மாதமளவில் மறுபடியும் இரத்தம் சென்னைக்குப் போனது. வந்த தாளை டொக்டர் மல்காந்தி பார்த்தார். பிறகு தமிழில், தன்னிடமிருந்த இரண்டு வசனங்களுக்கு வெளியே, "நல்லம்," என்றார். பிழையான நகல் நூறில் ஒரு பங்களவுக்கு இறங்கியிருந்தது. குட்டையும் நெட்டையும் சேர்ந்தே இறங்கியிருந்தன.

கொட்டாஞ்சேனைக்குப் போன் போட்டோம். பிலோமினா அக்கா, "நம்ம ரத்தம் நல்லாயிடுச்சா?" என்றார். பிறகு யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன். லைன் கிடைப்பதே பெரிய காரியம்.

"குகன், மருந்து வேலை செய்யுது. டொக்டர் நல்லம் எண்டிட்டா. நீ இனி அலையத் தேவையில்லை."

சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"குகன்?"

"ஓம் அக்கா. நல்லம். சந்தோசம்."

"கிளியரன்ஸ் என்ன மாதிரி?"

"உங்கட டொக்டரின்ர புதுக் கடிதம் ஒண்டு கேட்டவங்கள். அது வந்தால் அடுத்த கப்பல் எண்டவங்கள். இனி அது தேவையில்லைத்தானே."

"இல்லைத்தான்."

"ம். அக்கா, ராசன்ர கடை பூட்டியாச்சு."

ராசன் அவனுடைய பக்கத்துக் கடை. சைக்கிள் திருத்துகிறவன். குகனோடு ஒரே வகுப்பு.

"ஏன், வியாபாரம் இல்லையோ?"

"வியாபாரம் இருந்தது. ஆள் இல்லை."

"எங்கை போனவன்?"

"ஆள் இல்லையக்கா. அங்கால பேக்கரியும் பூட்டியாச்சு. அங்கையும் ஆள் இல்லை. இனி வரிசையில என்ர கடைதான்." பிறகு, கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்பதுபோல் குரலை உயர்த்தி, "மற்றபடி இஞ்சை எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாய் இருங்கோ," என்றான்.

வைத்துவிட்டான்.

ரிசீவர் கையிலேயே இருந்தது. கடலோரம் ரயில் போனது, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மாதக்கணக்காக அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வந்தால் உங்களுக்குச் சுகம். போனில் அதற்குமேல் எப்படிச் சொல்வது? ஊரைவிட்டு வெளியேற அவனிடம் இருந்த ஒரே காரணம் என் நோய். அந்தக் காரணத்தை நான் மும்முரமாக, வேளைக்கு வேளை, தண்ணீரோடு விழுங்கிக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கிளினிக் நாள் அல்ல. போனேன். டொக்டர் மல்காந்தி வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கில் கடைசி ஆளாக உட்கார்ந்து, எல்லோரும் போனபின் உள்ளே போனேன்.

"என்ன, காய்ச்சலா?"

"இல்லை. தம்பிக்கு ஒரு கடிதம் வேண்டும். அவர் வந்து மச்சை பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் என்று."

"நேற்றுத்தானே நல்லம் என்றேன்."

"ஓம்."

"அவர் வரவேண்டாம் என்று ஆறு மாதமாக எனக்குச் சொன்னது நீங்கள்."

"ஓம் டொக்டர்."

"இது உங்களுக்காகவா, அவருக்காகவா?"

டொக்டர் என் வீங்கிய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மருந்து வீக்கம் எது, மற்றது எது என்று அவருக்குத் தெரியாதா? மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தாளை எடுத்தார்.

"எவ்வளவு நல்ல மருந்தும் ஒருநாள் கைவிடலாம். அப்போது சகோதரரைத் தேடி ஓடுவதைவிட இப்போதே பொருத்திப் பார்த்து வைப்பது நல்லது. எந்த டொக்டரும் இதைச் சொல்வார்," என்று, எழுதப்போவதை எனக்கு முதலில் வாசிப்பதுபோல் சொன்னார். பிறகு எழுதினார். 'அவசரம்' என்ற சொல்லை எழுதுமுன் பேனா ஒரு கணம் நின்றது. எழுதிவிட்டு அதன்கீழ் கோடும் போட்டார்.

குகன் வந்தான். கப்பலில் வாந்தி எடுத்து, பஸ்ஸில் தூங்கி, ஒரு சின்னப் பையோடு எங்கள் வாசலில் நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னக்கா, கொழுத்திருக்கிறீங்கள்," என்றான். கட்டிப்பிடித்தபோது அவன் தோளெலும்பு என் கன்னத்தில் குத்தியது.

மூன்று பேரும் பொலிஸுக்குப் போனோம், பதிவுக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நரை விழுந்த ஓர் அதிகாரி. கடிதத்தை வாசித்தார். குகனின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். அன்று நான் நல்ல சேலை கட்டியிருந்தேன். மருந்து வீக்கத்தில் கன்னங்கள் நிறைந்து, பார்ப்பவருக்கு ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள்போல் இருந்திருப்பேன்.

"அக்காட்ட தென் கொஹொமத?" அக்காவுக்கு இப்போது எப்படி என்று குகனிடம் கேட்டார். குகனுக்குச் சிங்களம் வராது. அவன் என்னைப் பார்த்தான். கணேசனுக்கு வரும். ஆறு மாதமாக மீன்காரனுக்கும் பஸ் கொண்டக்டருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய நல்ல செய்தி அவர் உதட்டுக்கு வந்துவிட்டது.

நான் மேசை விளிம்பைப் பிடித்தேன். அப்படியே மெல்லச் சாய்ந்து தம்பியின் தோளில் தலையை வைத்தேன். கணேசன் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி எழுந்து தன் கதிரையை எனக்குத் தள்ளிவிட்டு, யாரையோ கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நின்றபடியே குனிந்து எழுதினார்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று சிங்களத்திலேயே கேட்டார்.

"சிகிச்சை முடியும்வரை," என்றார் கணேசன்.

அதிகாரி அதையே எழுதினார். இந்த மருந்துக்கு முடிவென்று ஒன்று இல்லை, உயிர் இருக்கும்வரை நாளும் விழுங்கவேண்டியது என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது. ஒரு நோயாளி குடிப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, முழுவதையும் குடித்தேன்.